தம்பியின் மாத்திரையும் எங்கள் வீட்டுப் பேச்சும்

என் தம்பிக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது. நான் எழுத வந்தது, அந்த நோய் எங்கள் வீட்டில் ஒவ்வொருவரையும் எப்படிப் பிடித்து ஆட்டியது, வீட்டில் நாங்கள் பேசுகிற விதம் திரும்ப அவன் நோயை என்ன செய்தது என்பதைப் பற்றி. இதை முதலிலேயே யாராவது எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அம்மா அந்த அளவுக்கு உடைந்து போயிருக்க மாட்டாள் என்று இன்றும் எனக்கு ஆதங்கம் உண்டு.

எங்கள் ஊர் முசிறிப் பக்கம். ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்தவன் ராத்திரி தூங்காமல் நடந்துகொண்டே இருந்தான். பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான், ஃபேன் சத்தத்துக்குள் யாரோ திட்டுவது கேட்கிறது என்றான். பெரியப்பா காத்துக் கருப்பு என்றார். அத்தை குணசீலம் கூட்டிப் போகச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான், பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள் தங்கினால் சித்தம் தெளியும் என்பது தலைமுறை தலைமுறையாக இருக்கிற நம்பிக்கை. அம்மாவும் அவனும் போய்த் தங்கினார்கள். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அங்கே அவனை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை, அம்மாவுக்கும் தன்னைப் போலவே பிள்ளையோடு வந்த பெண்கள் பேச்சுத்துணைக்குக் கிடைத்தார்கள். ஆனால் குரல்கள் நிற்கவில்லை. அப்புறம்தான் திருச்சியில் மனநல மருத்துவரிடம் போனோம், ரிஸ்பெரிடோன் கொடுத்தார், சில வாரங்களில் குரல்கள் நன்றாகக் குறைந்தன, தூக்கம் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

முடியவில்லை. மாத்திரையை அம்மாவே கையில் கொடுத்து விழுங்கும் வரை நின்று பார்ப்பாள், ஒரு வேளை தவறியதில்லை, அப்படியும் மறுபடி வந்தது. அந்த மாதங்களில் வீடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். குரல் குறைந்த பிறகு தம்பி நாள் முழுக்கப் படுத்தே கிடப்பான், குளிக்கச் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டான், முகத்தில் சிரிப்போ கோபமோ எதுவும் இருக்காது. அப்பா தோட்டத்தில் இருந்து வந்ததும் ஆரம்பிப்பார். "தின்னுட்டுத் தின்னுட்டுப் படு, உன் வயசுல நான் ரெண்டு ஏக்கர் வாழையைத் தனியாப் பார்த்தேன்." இதையே நாளுக்கு நாலு தரம். அம்மா இதற்கு நேர் எதிர். இருபது வயதுப் பையனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள், கதவைத் தாழ் போட விட மாட்டாள், ராத்திரி அவன் கட்டில் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பாள், அவன் இருமினால் எழுந்து உட்காருவாள். ரெண்டு பேரும் அவன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவன் பேரைச் சொல்லித்தான் ரெண்டு பேருக்கும் தினமும் சண்டை, அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே அவன் போர்வைக்குள் இருப்பான்.

இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அங்கே இருந்த மனநல சமூகப் பணியாளர் ஒரு அம்மா எங்கள் மூன்று பேரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்கிற சமூகவியலாளர், ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆராய்ந்ததைச் சொன்னார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, கூடப் பிறந்தவர்கள் வீட்டுக்கோ வாடகை அறைக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்களாம். ஏன் என்று தோண்டப் போய்த்தான், வீட்டில் ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பாகப் பேசுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது, இந்த மூன்றில் எது இருந்தாலும் நோய் திரும்பி வருவது அதிகம் என்று தெரியவந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் சொல்லின. எங்கள் வீட்டில் அம்மாவும் தம்பியும் ஒரு நாளைக்கே பதினைந்து மணி நேரம் ஒரே அறையில் இருந்தார்கள்!

அப்பா முகம் செத்துப்போயிற்று. "அப்ப நான்தான் காரணமாம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா உடனே, "நோய் உங்களால வரலைங்க, அது மூளையில வர்ற நோய். குணமாகுறதுலதான் உங்க கை இருக்கு" என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களிலேயே டாக்டர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்க வைத்தார் என்பதையும், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கித்தான் வைத்தியம் நடக்கிறது என்பதையும் அந்தப் பணியாளரே சொன்னார். நம் நாட்டில் குடும்பத்தை வைத்தியத்துக்குள் கொண்டுவந்து எவ்வளவோ காலமாயிற்று, ஆனால் மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிற பெரும்பாலான குடும்பங்களுக்கு இது கிடைப்பதே இல்லை. இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அவர் சொன்னதில் அப்பாவை மாற்றியது ஒரே ஒரு விஷயம்தான். தம்பி படுத்தே கிடப்பது சோம்பேறித்தனம் இல்லை, அதுவும் நோயின் ஒரு பகுதி, குரல் கேட்பதைவிட இதுதான் மருந்துக்கு லேசில் மசியாது என்றார். அப்பா அதுவரை குரல் கேட்பதை மட்டும்தான் நோய் என்று நினைத்திருந்தார், மற்றதெல்லாம் திமிர். அன்றைக்குப் பிறகு ஏச்சு ஒரே நாளில் நிற்கவில்லை, ஆனால் வேலையாக மாறியது. "எப்பப் பார்த்தாலும் படுக்கை" என்பதற்குப் பதில், "ஏழு மணிக்கு மோட்டார் போட்டுட்டு வாடா." அவ்வளவுதான். போட்டுவிட்டு வந்தால் "சரி, போட்டுட்டியா" என்று ஒரு வார்த்தை. செய்யாவிட்டால் விட்டுவிடுவது. தம்பி முதலில் பத்து நாளில் ரெண்டு நாள் போனான், பிறகு பாதி நாள் போனான். குரல் கேட்கிறது என்று அவன் சொல்லும்போது இல்லவே இல்லை என்று வாதாடவும் கூடாது, ஆமாம் என்று ஒத்து ஊதவும் கூடாது. "உனக்குக் கேக்குது, கஷ்டமாத்தான் இருக்கும். எனக்குக் கேக்கலை. வா, திண்ணைக்குப் போவோம்" என்று நான் சொல்லப் பழகினேன்.

அம்மாவை மாற்றுவதுதான் கஷ்டம். அவளை அரை நாளாவது வெளியே அனுப்பச் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் கோரைப்பாய்த் தறி இருந்தது, தெரிந்தவர்கள்தான், போக மாட்டேன் என்று அழுதாள். அதோடு அவளுக்கே முதுகு வலி, தலை எரிச்சல், சாப்பாடு இறங்காது, விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு. ஸ்கேன் எல்லாம் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு ராத்திரி "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று என்னிடம் போனில் சொன்னாள். நான் உடனே 14416க்கு அடித்தேன். டெலி மானஸ், 2022இல் மத்திய அரசு ஆரம்பித்த இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். அவளைத் தனியாக விட வேண்டாம், காலையிலேயே டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். அம்மாவுக்கு மனச்சோர்வு. எஸ்கிடலோப்ராம் என்கிற மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் தூங்கத் தொடங்கினாள், அதற்கப்புறம்தான் தறிக்குப் போனாள். அவள் போக ஆரம்பித்த பிறகு தம்பி தானாகவே தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டான், தன் மாத்திரையைத் தானே வாரப் பெட்டியில் எடுத்து வைத்தான். அவனுக்கு மருந்து எதுவும் மாற்றவில்லை. மாறியது அம்மாவின் உடல்நிலை மட்டும்தான்.

என் குடித்தனத்துக்குள்ளும் இது வந்தது. மாமியார் வாய்விட்டுக் கேட்க மாட்டார், ஆனால் நான் முழுகாமல் இருந்தபோது, "உங்க பக்கத்து ரத்தம்" என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. கணவர் என்னோடு டாக்டரிடம் வந்து நேராகவே கேட்டார். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடிய நோய், கூடப் பிறந்தவர்களுக்கு நூற்றில் ஒன்பது வரை, தாய்மாமனுக்கு இருந்தால் பிள்ளைக்கு நூற்றில் நாலு போல என்று டாக்டர் சொன்னார். நூற்றில் தொண்ணூற்றாறு பிள்ளைகளுக்கு வராது என்று கணவர் வீட்டில் போய்த் தன் அம்மாவிடம் சொல்ல, அந்தப் பேச்சு நின்றது. அவர் அன்றைக்குப் பேசியது எனக்கு எவ்வளவு பெரிய பலம் என்று சொல்லி முடியாது.

"ஒரு கல்யாணம் பண்ணி வெச்சாச் சரியாயிடும்" என்கிற சொந்தக்காரர்களை அப்பாவே வாசலோடு அனுப்பிவிட்டார். மறைத்துச் செய்தால் வருகிற பெண்ணின் வாழ்க்கையும் போகும், அந்த அழுத்தத்தில் இவனும் போவான். பிற்பாடு அவனுக்கே விருப்பம் வந்தால் எல்லாவற்றையும் சொல்லித்தான் பேசுவது என்று முடிவு.

இப்போது உர மருந்துக் கடையில் அரை நாள் வேலைக்குப் போகிறான். எடை கூடியிருக்கிறது, மருந்தால் சர்க்கரையும் ஏறலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை தவறாமல் எடுக்கிறோம். அவனுக்கு மறுபடி வருவதற்கு முன்னால் முதலில் தூக்கம் குறையும், பிறகு குளிக்க மாட்டான், பிறகு காதில் பஞ்சு வைப்பான். இதை அவனே ஒரு தாளில் எழுதி பீரோவில் ஒட்டியிருக்கிறான், ரெண்டாவது அறிகுறி வந்தாலே டாக்டருக்குப் போன் செய்யலாம் என்று அவனே எங்களுக்கு அனுமதி கொடுத்து. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் வருகிறது, 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் சலுகைகள் உண்டு, விண்ணப்பிக்க அவனுக்குத் தயக்கம், நாங்கள் வற்புறுத்தவில்லை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி என்றால், அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பேச இங்கே யாராவது இருக்கிறார்களா என்று ஒன்று. கூட வந்திருக்கிற அம்மாவையோ மனைவியையோ காட்டி, இவர்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று இன்னொன்று.