டிபேரியஸ் காசு கைக்கு வந்த கதை: ஒரு இனிஷியலும் 42 பவுண்டும்

காசு வந்துவிட்டது, மேசைமேல்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பிரிட்டனில் இருந்துகொண்டு ஐரோப்பாவிலிருந்து பழங்காசு வரவழைக்கும் நம்மவர்கள் யாராவது இதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வாங்கியது ரோமானியப் பேரரசர் டிபேரியஸின் டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. எனக்குச் சொந்த ஊர் கரூர். அமராவதி ஆற்று மணலைச் சலித்து ரோமானியக் காசு எடுத்தவர்களின் கதையைக் கேட்டே வளர்ந்தேன். தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டிபேரியஸ் இருவருடையவைதான் மிக அதிகம். முதல் காசு இவர்களில் ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. "ஊர்லயே வாங்கியிருக்கலாமேடா" என்றார் அண்ணன். முடியாது. மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். நூறு வருடம் தாண்டிய காசைத் தனி ஆள் நாட்டை விட்டுக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. பழைய ஏலப் பட்டியலில் ஏறிய காசை ரசீதோடு வாங்குவதுதான் நேர்வழி.

ஜெர்மனியில் ஓர் ஏலம். 260 யூரோவுக்குக் கிடைத்தது. கமிஷன், தபால் செலவு எல்லாம் சேர்த்து 327. பணம் கட்டிய மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் காத்திருப்பு. பார்சல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியது என்ற ஒரே வரி பதினொரு நாள் மாறாமல் நின்றது. காலையில் பல் துலக்கும் முன்பே போனை எடுத்துப் பார்ப்பேன். விற்றவருக்கு இரண்டு முறை எழுதினேன். சுங்கத்தில் நிற்கும், பொறுங்கள் என்றார். பன்னிரண்டாம் நாள் வந்தது ஓர் அட்டை மட்டும். 64 பவுண்டு கட்டிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. வரி 56, கையாளும் கட்டணம் 8.

மறுநாளே பணத்தைக் கட்டிவிட்டுப் போனேன். அந்தத் தபால் கிளை காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான் திறந்திருக்கும். நான் போனது ஒன்பதே கால். கதவைத் தட்டியும் பயனில்லை. அடுத்த நாள் வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் பார்சலை எடுத்து வந்து கண்முன்னால் வைத்தார். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பார்சலையும் பார்த்தார். பெயர் வேறாக இருக்கிறது என்று திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஏலத்தில் பதிவு செய்தபோது ஊர் வழக்கப்படி இனிஷியலும் என் பெயரும் கொடுத்திருந்தேன். பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. அந்த ஒற்றை எழுத்து அப்பா பெயரின் முதலெழுத்து என்று எவ்வளவோ விளக்கினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு பயணம் வீண். மூன்றாம் முறை, இனிஷியலோடு பெயர் அச்சடித்த வங்கிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அன்று வேறொருவர் இருந்தார். முகவரி சரியாக இருக்கிறதே என்று அரை நிமிடத்தில் கொடுத்துவிட்டார். தயவுசெய்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள்.

காரில் உட்கார்ந்தே பிரித்தேன். சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள், நம் பழைய ஒரு ரூபாயைவிடச் சிறிய, சற்றே கோணலான வட்டம். ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் டிபேரியஸ். மூக்கு நுனி தேய்ந்திருக்கிறது, தலையில் இலைமாலையின் முடிச்சு மட்டும் கூர்மையாக நிற்கிறது. மறுபக்கம் கையில் கோலும் கிளையுமாக உட்கார்ந்திருக்கும் பெண். வீட்டுக்கு வந்து நகைத் தராசில் வைத்தேன்: 3.71 கிராம். சரியான எடை. இந்த வகைக்குப் போலிகள் நிறைய என்பதால் அதுவரை எனக்கு மூச்சே வரவில்லை. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு இருக்கும். லென்ஸ் வைத்துத் தேடினேன், இதில் அப்படி எதுவும் இல்லை.

மறுபடியும் வரிக்கு வருகிறேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயச் சேகரிப்புப் பொருள் 9705 என்ற சுங்கக் குறியீட்டின் கீழ் வந்தால் இங்கே 5 சதவீதம்தான். விற்றவர் சுங்கப் படிவத்தில் "வெள்ளி நாணயம்" என்று மட்டும் எழுதியிருந்தார். அதனால் 20 சதவீதம் போட்டுவிட்டார்கள். சுமார் 280 பவுண்டுக்கு 14 கட்ட வேண்டிய இடத்தில் 56.

தபாலில் வந்ததற்குக் கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க பிஓஆர் 286 என்ற படிவம். பார்சலில் ஒட்டிய கட்டணச் சீட்டை அதோடு வைக்க வேண்டும். அவசரத்தில் நான் அதைப் பிரிக்கும்போதே இரண்டாகக் கிழித்திருந்தேன். நல்லவேளை, உறையைக் குப்பையில் போடவில்லை. டேப் போட்டு ஒட்டி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, காசு நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்பதற்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. ரசீதில் ஏல எண் மட்டும்தான் இருந்ததாம். ஏலப் பட்டியலின் பக்கத்தை அச்செடுத்து, டிபேரியஸின் ஆட்சி கி.பி. 14 முதல் 37 வரை என்ற வரியை மஞ்சளில் குறித்து அனுப்பினேன். போன வெள்ளிக்கிழமை 42 பவுண்டு திரும்பி வந்தது. கையாளும் கட்டணம் எட்டு பவுண்டைத் தரவில்லை.

அடுத்து அகஸ்டஸ். பேரர்கள் கையஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்பார்களே, அந்தக் காசு. செவ்வாயன்று அனுப்பியிருக்கிறார்கள். இந்த முறை ஒட்டும் முன்பே சுங்கப் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். 9705 இருக்கிறது, காசின் காலம் இருக்கிறது, அப்பா பெயரும் முழுசாக இருக்கிறது.