மைனஸ் 15 ஏன் அண்ணா?

எங்கள் கேமை டெம்ப்ளேட்டில், அதாவது வேறொருவர் ஏற்கெனவே எழுதிவைத்த ப்ராஜெக்டில், ஆரம்பித்தது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதைப் படித்தால் வேறு மாதிரி தோன்றலாம். ஓடி, குதித்து, ஏறிப் போகிற கேம். சின்ன டீம். பப்ளிஷருக்கு டெமோ காட்டும் தேதி ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. யூனிட்டி என்ற கேம் எஞ்சின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) தரும் ஸ்டார்ட்டர் அசெட்ஸ் டெம்ப்ளேட்டை இறக்கினால் அன்று சாயங்காலமே ஒரு உருவம் திரையில் ஓடுகிறது, கேமரா பின்னாலேயே வருகிறது, கேம்பேட் வேலை செய்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, காலி ப்ராஜெக்டில் உட்கார்ந்து கேமரா சுவருக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று எழுதிக்கொண்டிருக்க எந்த லீடும் சம்மதிக்கமாட்டார்.

அந்த உருவத்தை ஓடவும் குதிக்கவும் வைக்கிற ஸ்கிரிப்டை, அதாவது டெம்ப்ளேட்டோடு வந்த கோடை, புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் வரி வரியாகப் படித்தான். மற்றவர்கள் படிக்கவில்லை, நானும்தான். ஓடுகிற கோடைத் திறந்து படிக்க யாருக்கு நேரம்? ஒருநாள் மதியம் என் இடத்துக்கு வந்து, "அண்ணா, கிராவிட்டி மைனஸ் 15னு போட்டிருக்காங்க. எஞ்சின்ல மைனஸ் 9.81 தானே, ஏன் மாத்தினாங்க?" என்றான்.

"டெம்ப்ளேட்ல வந்தது. நல்லாத்தானே குதிக்குது, விடு."

அவன் விடவில்லை. "சரிண்ணா, குதிக்கிற உயரம் 1.2 மீட்டர்னு இருக்கே, அது? நம்ம லெவல்ல எல்லா மேடையும் ஒரு மீட்டர் உயரத்துலதான் இருக்கு, கவனிச்சீங்களா? லெவல் டிசைனர் கேரக்டரைக் குதிக்கவிட்டுப் பார்த்து, ஏற முடியிற அளவுக்கு வெச்சிருக்கார். அப்போ லெவலை டிசைன் பண்ணது நாம இல்லையே அண்ணா, இந்த 1.2 தானே?"

டெமோ முடியட்டும், பேசிக்கலாம் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நடந்தது இவ்வளவுதான். இதில் யாரும் குரல் உயர்த்தவில்லை, யாரும் கோபப்படவில்லை. ஆனாலும் அந்த "விடு" என்ற சொல் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

மைனஸ் 15க்குப் பதில் அப்படியொன்றும் கஷ்டமில்லை. மைனஸ் என்பது கீழ்நோக்கி இழுப்பதைக் குறிக்கிறது, 9.81 என்பது பூமியின் ஈர்ப்பு. அந்த ஸ்கிரிப்ட் குதிக்கும் வேகத்தைக் கணக்கிடுவது நாம் பள்ளியில் படித்த சூத்திரத்தில்தான்: உயரம், ஈர்ப்பு, 2 என்ற எண் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம். 1.2, 15, 2 மூன்றையும் பெருக்கினால் 36, வர்க்கமூலம் 6. வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, 0.4 நொடியில் உச்சிக்குப் போகிறது, 0.8 நொடியில் தரைக்கு வந்துவிடுகிறது. அதே உயரத்தை 9.81இல் குதித்தால் கிட்டத்தட்ட ஒரு முழு நொடி காற்றில் இருக்கும். நிஜ உலகத்துக்கு அது சரி, கேம்பேடைக் கையில் வைத்திருப்பவருக்கு மிதக்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் ஏராளமான கேம்களில் ஈர்ப்பைக் கூட்டி வைக்கிறார்கள். இதை அவனிடம் அன்றைக்கே ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது கணக்கை இல்லை என்பதும் எனக்கு அப்போதே தெரியும். இந்த மிதப்பு நம் கேமுக்கு வேண்டுமா வேண்டாமா என்று யார் முடிவு செய்தது என்பதுதான் அவன் கேள்வி.

யாரும் வெறும் கையோடு ஆரம்பிப்பதில்லை. 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் என்ற புகழ்பெற்ற கேம் கூட, குவேக் என்ற வேறொரு கேமின் எஞ்சினுக்கு உரிமம் வாங்கி அதன் மேல் கட்டியதுதான். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவனிடமும் பிறகு ஒருமுறை சொன்னேன். சொல்லும்போதே உறுத்தியது. அவர்கள் எலும்புக்கூடு அனிமேஷன் (உள்ளே ஒரு எலும்புக்கூடு வைத்து உருவத்தை அசைக்கும் முறை) முதல் பலதை அதில் புதிதாகச் சேர்த்தார்கள், தேவையில்லாததை மாற்றினார்கள். அப்படி மாற்ற வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். எங்கள் டீமில் அதைச் செய்தவனைத்தான் நான் "விடு" என்றேன்.

வெளியாட்களை வைத்து விளையாடிப் பார்த்தபோது திரும்பத் திரும்ப ஒரே புகார் வந்தது: பட்டனை அழுத்துகிறேன், சில நேரம் குதிக்கவே மாட்டேன் என்கிறது. எங்களில் ஒருவர் கேம்பேடை மாற்றிப் பார்க்கலாம் என்றார். பையன் உடனே சொல்லிவிட்டான். காற்றில் இருக்கும்போது அழுத்தினால் அந்த அழுத்தத்தை ஸ்கிரிப்ட் அழித்துவிடுகிறது. தரைக்கு வந்த பிறகும் அடுத்த குதிக்கு அரை நொடி இடைவெளி வைத்திருக்கிறது. ஆரம்பப் பாடத்துக்கு அது போதும், மேடைக்கு மேடை தாவும் கேமுக்குப் போதாது. இடைவெளியைச் சுழியமாக்கி, தரை தொடுவதற்குச் சற்று முன் அழுத்தியதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும்படி சில வரிகள் சேர்த்தான், பிரச்சினை போய்விட்டது. டெமோவும் நன்றாகவே போனது.

அப்படியானால் அவனைப் புதிதாக எழுதவிட்டிருக்க வேண்டுமா? அதுவும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. முழுதாகத் தானே எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, கேம் என்ற ஒன்று வராமலே கரைந்துபோன ப்ராஜெக்ட்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவன் இவ்வளவு கற்றுக்கொண்டதே படிக்க ஒரு டெம்ப்ளேட் இருந்ததால்தானே? இப்படிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன், அப்புறம் அந்த ஒரு மீட்டர் மேடைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. குதியைச் சரிசெய்தோம், மேடைகளை யாரும் தொடவில்லை. தொட்டால் லெவல் முழுவதையும் கலைக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. டெமோ முடிந்ததும் பேசலாம் என்ற பேச்சும் நடக்கவில்லை. அவன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் சொன்னான், நான் நம்புகிறேன்.

இப்போது அடுத்த ப்ராஜெக்ட், மறுபடி அதே டெம்ப்ளேட். ஒன்றே ஒன்று மாற்றியிருக்கிறோம். மேடை உயரங்களை முதலில் காகிதத்தில் முடிவு செய்யவேண்டும், அதற்கேற்ப கிராவிட்டியையும் குதிக்கும் உயரத்தையும் நாங்கள் மாற்றித் தருவோம் என்று லெவல் டிசைனரிடம் சொன்னேன். வரைந்துகொண்டு வந்தார். எல்லாம் ஒரு மீட்டர். ஏன் என்று கேட்டேன், இதுதான் கைக்குச் சரியாக வருகிறது என்றார். அது அவருடைய ரசனையா, 1.2 அவருக்குப் பழக்கிவிட்டதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மீட்டரில் ஒரு மேடை வைத்துப் பாருங்கள், குதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.