ரூத்தை வாசிக்கும் எங்கள் குழு
எங்கள் பெண்கள் வேதபாடக் குழுவில் இப்போது ரூத்தின் புத்தகத்தை வாசித்து வருகிறோம். நான்கே அதிகாரங்கள் என்பதால், வேலை, பிள்ளைகள், முதியோர் என்று நாள் முழுவதும் ஓடுகிற சகோதரிகளாலும் முன்கூட்டியே வாசித்துவிட்டு வர முடிகிறது. நிறைவுள்ளவளாய்ப் போன தன்னைக் கர்த்தர் வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று, கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த ரூத்தின் மாமியார் நகோமி சொல்லும் முதல் அதிகாரத்தின் 21ஆம் வசனத்தை, மடியில் உறங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே வாசித்த ஒரு சகோதரி, அதற்குமேல் வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டார். ஆறுதல் சொல்ல நான் அவசரப்படவில்லை. வீட்டார் உறங்கிய பிறகு எடுத்த குறிப்புகள் கையில் இருந்தன. ஆனாலும் நகோமியின் கசப்பை வேதமே மறைக்காமல் எழுதி வைத்திருக்கும்போது, குழுவை நடத்துகிறவர் அதை விளக்கவுரையால் மூடிவிடக் கூடாது என்றே உறுதியாக நம்புகிறேன். அடுத்த வாரம் இரண்டாம் அதிகாரம். நகோமியின் கணவருடைய உறவினரான போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கும் பகுதியை, அறுவடையில் சிந்தும் கதிர்களை எளியவர்களுக்கு விட்டுவிடச் சொல்லும் லேவியராகமம் 19:9, 10 வசனங்களோடு சேர்த்து வாசித்து வரும்படி சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.