விலை எழுதுபவன் விலை சொல்லலாமா?

புதுச்சேரிப் பக்கம் மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையின் மாட்டு விலையை வாராவாரம் கேட்டு செய்தித்தாளுக்கு எழுதும் வேலையில், நடந்த விலையைக் குறிப்பதுதான் என் பொறுப்பு, விலை சொல்வது அல்ல என்பதில் எனக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை. ஆனால் கடலூர்ப் பக்கத்திலிருந்து கலப்பின ஜெர்சி மாட்டை ஓட்டி வந்த ஓர் அம்மா அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. நாலாம் ஈத்துக்குப் பிறகு பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத மாடு அது. பாலும் வற்றியிருந்தது. தரகர் சட்டைப் பையிலிருந்து முந்தைய வாரத்துச் செய்தித்தாளை எடுத்து, "வறட்டு மாடு 20,000 முதல் 32,000 வரை" என்ற வரியில் முதல் எண்ணின் மீது விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். எழுதியது நான்தான் என்று யாரோ சொல்ல, அந்த அம்மா கயிற்றோடு என்னிடம் வந்தார்.

"இந்த இருபதாயிரம்னு எழுதுனது எம் மாட்டப் பாத்தா தம்பி?"

"அது போன வாரம் நடந்த விலைம்மா. உங்க மாட்டுக்குன்னு எழுதல."

"அப்ப எம் மாட்டுக்கு எவ்வளவு போவும்னு நீயே சொல்லு."

"நான் விலை சொல்லக் கூடாதும்மா" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

என் பதிலுக்குக் காரணம் உண்டு. இந்தச் சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசப்படுகிறது. முடிந்த விலையைத் தரகர்கள் பிறகு என்னிடம் சொல்வது, நான் யார் பக்கமும் நிற்கமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான். 2017 மே மாதம், சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் மத்திய அரசு விதிகள் வந்து, அதே மாதம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த விதிகள் நிறுத்தி வைக்கப்பட்ட பிறகும் அடிமாட்டு வியாபாரிகள் பேனாவைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களிடம் பெற்ற நம்பிக்கையை ஒரு மாட்டுக்காக இழந்தால், அடுத்த வாரம் சந்தைக்கு வரும் எல்லோருக்கும் அந்த வரியே இல்லாமல் போகும்.

ஆனால் அந்த வரி யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி அதன் பிறகுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த 20,000, எலும்பு தெரிய மெலிந்து, சந்தை கலையும் நேரத்தில் போன ஒற்றை மாட்டின் விலை. 32,000 கொழுத்த மாட்டுக்குக் கிடைத்தது. இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் எழுதினேன். வாங்குபவர் கீழ் எண்ணை எடுத்துக்கொள்கிறார். மேல் எண்ணைச் சொல்லி வாதாட விற்பவருக்கு ஆள் இல்லை. அமெரிக்காவில் ஏலச் சந்தை விலைகளை அந்நாட்டு வேளாண் துறை எடைப் பிரிவு வாரியாக, நூறு பவுண்டுக்கு இவ்வளவு என்று வெளியிடுகிறது. மாடு அங்கே தராசில் ஏறி இறங்குகிறது. இங்கே எடை என்பது வியாபாரியின் கண்ணில் இருக்கிறது. முதுகைத் தடவி, தொடையை அழுத்தி, உரித்தால் எத்தனை கிலோ தேறும் என்று அவர் கணக்கிட்டுவிடுவார். விற்பவருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கணக்கு கடினமானதும் அல்ல. மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உயிர் எடை ஏறக்குறைய கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 62, நீளம் 54 என்றால் சுமார் 314 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி தேறும் என்று வைத்துக்கொள்ளலாம். எடை என்பது விலை அல்ல. அதைச் சொன்னால் நான் பக்கம் சாய்ந்ததாகாது என்று இப்போது எனக்கு நானே வாதாடுகிறேன். ஆனால் விற்பவருக்கு மட்டும் எடையைச் சொன்னால் அது எந்தப் பக்கமும் இல்லை என்று தரகர் ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொள்ளமாட்டார், அவர் இடத்தில் இருந்தால் நானும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

காலமும் அந்த அம்மாவுக்கு எதிராக இருந்தது. சம்பா அறுத்து வைக்கோல் மலிந்த தை, மாசியில் வறட்டு மாட்டையும் இன்னொரு ஊசிக்காகக் கட்டி வைக்கத் துணிவார்கள். அவர் வந்தது கார்த்திகை மழையில், வைக்கோல் நனைந்து போன நேரத்தில். மாடு திரும்பிப் போகாது என்பது வியாபாரிக்குத் தெரியும். நான் எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் அது மாறியிருக்காது என்று சில நாள் தோன்றுகிறது. 2,000 ரூபாயாவது கூடியிருக்கும் என்று வேறு சில நாள் தோன்றுகிறது.

இப்போது வறட்டு மாடுகளை மெலிந்தவை, நடுத்தரம், கொழுத்தவை என்று மூன்று வரியாகப் பிரித்து எழுதுகிறேன். ஆசிரியர் இடம் போதவில்லை என்கிறார். தரகர்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நடுத்தர மாட்டையும் மெலிந்த வரியில் வைத்துக் காட்டுகிறார்களோ என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இருக்கிறது. அடுத்த முறை யாராவது கயிற்றோடு வந்து கேட்டால், மூன்றில் எந்த வரி அவருடையது என்று சொல்வேனா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.