முறிகண்டியில் இருந்து முறிகண்டி வரை

கிளிநொச்சியை ஒரு நாளில் சுற்றிப் பார்ப்பதாக நாங்கள் போட்ட திட்டம், கிளிநொச்சி போய்ச் சேருவதற்கு முன்பே முறிகண்டியில் குலைந்தது.

2020 தைப்பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை. வவுனியாவில் இருந்து காலமை பஸ்ஸில் போவது, பின்னேரம் ரயிலில் திரும்புவது. இவர், நான், மாமி, ஏழு வயது மூத்தவன், மூன்று வயதுச் சின்னவள். மாமியின் ஊர் கிளிநொச்சி. 2008இல் சனத்தோடு சனமாக வெளிக்கிட்டவர். அதன் பிறகு கலியாண வீடு, செத்த வீடு என்று வந்து போனதுதான். ஆறுதலாக நின்று பார்த்ததில்லை.

ஏ-9 வீதியால் போகிறவர்களுக்கு முறிகண்டிப் பிள்ளையாரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும் வாகனம் நிற்கும். உண்டியலில் காசு, ஒரு தேங்காய், நெற்றியில் திருநீறு, பிறகு கச்சான். எங்கள் நடத்துநர் ஐந்து நிமிடம் தந்தார். சின்னவளுக்குக் கழிப்பறை தேடியதிலேயே ஐந்தும் போய்விட்டது. திரும்பி வந்தால் மூத்தவனைக் காணவில்லை. கச்சான் கடையில் நின்று, வறுக்கும் தாச்சியை வாய் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் எங்களையே பார்க்க, நாங்கள் யாரையும் பார்க்காமல் ஏறி இருந்தோம். நாலு கச்சான் பைகள் மட்டும் கையில்.

நகரத்தில் முதலில் போனது விழுந்து கிடக்கும் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க. போரின் கடைசிக் கட்டத்தில் தகர்ந்த பெரிய கொங்கிரீட் தாங்கி, வீதியோரம் சரிந்தபடி. தெற்கில் இருந்து வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமி படம் எடுக்க நிற்கவில்லை. வீதியின் மற்றப் பக்கத்தைக் காட்டி, சங்கக்கடை எங்கே இருந்தது, தையல் கடை எங்கே இருந்தது என்று இவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அப்பம்மா, இது ஏன் விழுந்து கிடக்கு?”

“சண்டையில விழுந்ததடா.”

“ஆர் தள்ளி விழுத்தினது?”

மாமி வாய் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். “அண்ணா.”

வீட்டில் எது விழுந்தாலும் அவளுக்கு அந்த ஒரு பதில்தான். “நான் இல்லை!” என்று மூத்தவன் கத்த, அவள் அழ, படம் எடுத்தவர்கள் திரும்பிப் பார்க்க, அந்த இடத்தைப் பார்த்து முடித்தாயிற்று. கொங்கிரீட் கட்டையைத் துளைத்தபடி குண்டும் உச்சியில் தாமரையுமாக நிற்கும் இராணுவ நினைவுச் சின்னத்தை ஆட்டோவில் இருந்தபடியே கடந்தோம். “அந்தப் பெட்டிக்குள்ள என்ன?” என்ற கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதுவதற்கில்லை. சோறு கறி எடுத்தோம், பிள்ளைகள் அப்பளம் மட்டும் தின்றார்கள்.

ஆட்டோ இரணைமடுவுக்குத் திரும்பியது. இரணை என்றால் இரட்டை. கனகராயன் ஆற்றை மறித்து, 1920களின் தொடக்கத்தில் கட்டி முடித்த குளம். வயலெல்லாம் காலபோக நெல் பச்சையாக நின்றது. ஆட்டோக்காரத் தம்பி நல்ல கதைகாரன்.

“அக்கா, மாரிக்கு வான் பாயேக்க வந்து பாக்கோணும். கதவு துறந்தா அந்த மாதிரி இருக்கும்.”

மூத்தவன் நிமிர்ந்து இருந்தான். “எந்த வான்? வெள்ளை வானா?”

அவன் பள்ளிக்கூடம் போய் வருகிற வான் வெள்ளை. அவனுக்குத் தெரிந்த வான் அது ஒன்றுதான். பெரியவர்களுக்கு வெள்ளை வான் என்றால் ஆட்களைக் கடத்திக்கொண்டு போன வான். தம்பி கண்ணாடியில் எங்களை ஒருக்கால் பார்த்துவிட்டு வீதியைப் பார்த்தான். மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கொஞ்ச நேரம் ஆட்டோச் சத்தம் மட்டும். பிறகு இவர்தான், “குளத்தில தண்ணி கூடினா வெளியால விடுற இடத்துக்குப் பேரும் வான் தானடா” என்று விளக்கினார். அவன் நம்பவில்லை. குளக்கட்டில் ஏறிய பிறகும் பாயப்போகும் வானைத் தேடிக்கொண்டே நின்றான்.

அன்றைக்கு ஒன்றும் பாயவில்லை. ஆனால் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. குளிர் காற்று. மாமி கட்டில் குந்தி இருந்து கச்சானை உடைத்து உடைத்துத் தின்றார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்தப் பயணம் தகும் என்று நான் நினைத்த நேரம் பார்த்து, சின்னவள் தன் ஒரு செருப்பைக் கழற்றித் தண்ணீருக்குள் எறிந்தாள். மீனுக்காம். இவர் கட்டுக் கற்களில் தவழ்ந்து இறங்கி, ஒரு தடி தேடி, எட்டவில்லை என்று இன்னொரு நீளத் தடி தேடி, காற்சட்டை முழங்கால் வரை நனைந்து செருப்போடு மேலே வர அரை மணித்தியாலம்.

கிளிநொச்சி நிலையத்துக்குள் நாங்கள் ஓடி நுழைய, ரயில் தெற்குப் பக்கம் சின்னதாகிக்கொண்டு போனது. 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் திரும்ப இந்த நிலையத்துக்கு வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போய்விட்டன. மூத்தவன் மேடையில் விழுந்து புரண்டு அழுதான். ரயிலுக்காகத்தான் அவன் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தது.

மாமி மூச்சு வாங்கிக்கொண்டு வாங்கில் இருந்தார். “இருபத்திமூண்டு வருசம் ரயிலைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். இதுக்கு ஏன்ரா அழுகிறாய்?”

இருட்டும் நேரம் பஸ் கிடைத்தது. இரண்டு பிள்ளைகளும் ஏறின உடனேயே நித்திரை. எங்களுக்கும் கண் சொருகும்போது பஸ் நின்றது. “முறிகண்டி, முறிகண்டி! அஞ்சு நிமிசம்!”

மூத்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினான். வெளியே அதே கச்சான் கடைகள், அதே தாச்சி.

“அம்மா, இனித்தான் கிளிநொச்சிக்குப் போறமா?”

“இல்லை,” என்றேன் அவசரமாக. “நீ படு.”