விடைத்தாளை யார் விளக்குவது

திருப்பூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் கண்டிருக்கிறேன். அப்பாவோ அம்மாவோ மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பார். பிள்ளை அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நிற்பான். "வூட்டுல புத்தகத்தத் தொடறதே இல்லீங்க டீச்சர், நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். நானும் சொல்வேன். பத்து நிமிடம் அவனைப் பற்றியே பேசியிருப்போம். அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டோம்.

இந்தப் பெற்றோர்களுக்கு அக்கறையில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு என்றால் காலை 8.30 மணிக்குப் போனவர் இரவு 8.30 மணிக்குத்தான் வெளியே வருவார். சனிக்கிழமை கைக்கு வரும் சம்பளத்தில் டியூஷனுக்கான பணத்தை முதலில் எடுத்து வைப்பவர்களும் அவர்கள்தான். அந்த அக்கறை, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எந்த உருவத்தில் போய்ச் சேருகிறது என்பதுதான் என் கவலை.

அந்த உருவத்தை நானே பிழையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, ஒவ்வோர் இரவும் அவன் அருகில் பென்சிலோடு உட்கார்ந்து, கணக்குகளை வரிவரியாகச் சரிபார்த்தேன். வீட்டுப்பாட நோட்டில் பிழையே இருக்காது. தேர்விலோ மதிப்பெண் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள்தான் கவனித்தேன்: கணக்கில் தடுமாறியவுடன் அவன் கண்கள் தாளை விட்டு என் முகத்துக்கு வந்துவிடும். என் புருவம் சுருங்குகிறதா என்று பார்த்து அடுத்த படியை எழுதுவான். அத்தனை மாதங்களாக அவன் கற்றுக்கொண்டது என் முகத்தைப் படிப்பதற்குத்தான். நான் விலகிக்கொண்ட பிறகு அடுத்த தேர்வில் இன்னும் குறைந்தது. திரும்பப் போய் உட்கார்ந்துவிடாமல் என்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. சந்தேகத்தை அவனாகவே எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று.

பின்னர் இது பற்றித் தேடிப் படித்தபோது, நான்சி ஹில், டயானா டைசன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கிடைத்தது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, பெற்றோரின் எந்த வகை ஈடுபாடு படிப்போடு எப்படித் தொடர்புபட்டிருக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். படிப்பு எதற்கு, இப்போது படிப்பது பின்னாளில் எங்கே உதவும், எப்படித் திட்டமிடுவது என்று பிள்ளையோடு பேசும் ஈடுபாட்டுக்கே தேர்ச்சியோடு வலுவான தொடர்பு இருந்தது; பள்ளிக்கு வந்து பங்கெடுப்பதும் ஓரளவு நன்மையோடு சேர்ந்தே காணப்பட்டது; வீட்டுப்பாடத்தில் உதவுவது மட்டும் குறைந்த மதிப்பெண்ணோடு சேர்ந்திருந்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத்தான் பெற்றோர் உதவ உட்காருவார்கள் என்பதால், உதவியே குறைவுக்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் என் மகன் என் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வையை நினைத்தால், எண்களுக்குள் அதுவும் கொஞ்சம் இருக்கும் என்றே நம்புகிறேன்.

ஊக்கம் என்ற பெயரில் வீடுகளில் கொடுக்கப்படும் வாக்குறுதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 450க்கு மேல் எடுத்தால் செல்போன், முதல் குரூப் கிடைத்தால் வண்டி என்று பேரம் பேசாத வீடு குறைவு. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு கட்டத்தில் புதிருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரோடு செலவிட்ட நேரம் முன்பைவிடக் குறைந்தது. பணத்துக்குப் பதிலாக வாயால் பாராட்டப்பட்ட வேறு மாணவர்களிடம் அந்த இழப்பைக் காணவில்லை. தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் வாங்கித் தரும் பொருளை நான் குறை சொல்லவில்லை. முன்கூட்டியே விலை பேசினால்தான், படிப்பு செல்போனுக்காகச் சகித்துக்கொள்ளும் கூலிவேலை ஆகிவிடுகிறது. பொதுத்தேர்வில் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. பெரியப்பா மகனின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதை வீடுகளும் நிறுத்தலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். காலாண்டில் கணிதத்தில் 38. பத்தாம் வகுப்போடு நின்று கம்பெனிக்குப் போய்விடுவாள் என்று ஆசிரியர்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். கூட்டத்துக்கு வந்த அவள் அம்மா செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "பத்தாவது முடிச்சா பாலிடெக்னிக்குல துணி சம்பந்தமா டிப்ளமோ இருக்குதுன்னு எங்க சூப்பர்வைசர் சொன்னாருங்க. அதுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேணுமாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்குமுன் மகளை முன்னால் இழுத்து, "நீயே கேளு கண்ணு, படிக்கப்போறது நீதான" என்றார். அளவியல் பாடம் அங்கே வருமா என்று அவள் கேட்டாள். அந்த ஆண்டில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மறுநாள் தானாகவே வந்து, வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 என்று வரும் 16 மதிப்பெண்ணை முதலில் உறுதிசெய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். எதை முதலில் படிப்பது என்று முடிவு செய்தவள் அவளே. நான் தாள்களைத் திருத்திக் கொடுத்ததோடு சரி. பொதுத்தேர்வில் 71 எடுத்து, அந்த டிப்ளமோவிலேயே சேர்ந்தாள்.

அந்த அம்மாவுக்கு இயற்கணிதம் தெரியாது. மகளின் நாளையைப் பற்றி ஒரு செய்தியைத் தேடிக் கொண்டுவந்தார். கேட்கும் உரிமையை மகளிடம் கொடுத்தார். அரசுப் பள்ளிகளில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இத்தகைய செய்திகளைப் பிள்ளையோடு சேர்ந்து விசாரிப்பதற்கு எந்தப் பெற்றோருக்கும் பட்டப்படிப்பு தேவையில்லை.

இந்த ஆண்டு ஜனவரியில், அரையாண்டு விடைத்தாள்களுக்கான கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தோம். பிள்ளைகளுக்கும் நாற்காலி போட்டு, விடைத்தாளை அவர்களே பெற்றோருக்கு விளக்கட்டும் என்று சொல்லிவிட்டு நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். முதலில் வந்த இரண்டு பிள்ளைகளுக்கு வாயே திறக்கவில்லை. மூன்றாவதாக வந்தவனின் அப்பா கட்டிங் மாஸ்டர். கூம்பின் கன அளவில் ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தைப் போட்டுவிட்டதை அவன் விரலால் தொட்டுக் காட்டினான். அப்பா வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அளவு எடுக்கறதுலதான் விட்டிருக்க, மத்ததெல்லாம் சரியாப் போட்டிருக்கியா?" என்று கேட்டார். அவன் என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அந்தக் கணக்கை முதலிலிருந்து போடத் தொடங்கினான். வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் மணியைப் பார்க்கவில்லை.