பூச்சாண்டிக்கு இரட்டைச் சடை

"பூச்சாண்டி நிஜமா?" என்று நாலு வயதுப் பிள்ளையிடம் பகலில் கேட்டுப் பாருங்கள். "சும்மா" என்று சிரித்துவிட்டு ஓடும். ராத்திரி அதே பிள்ளை பாத்ரூமுக்குத் தனியாகப் போகாது. நடிக்கிறது என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். நடிப்பு இல்லை. 1991இல் உளவியலாளர் பால் ஹாரிஸும் சகாக்களும் 4, 6 வயதுப் பிள்ளைகளுக்குக் காலிப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு பயங்கரப் பிராணி இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 'இது பாவனைதான்' என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் பெரியவர் வெளியே போனதும் பலர் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். சின்னவர்களில் சிலர் அவரைப் போகவே விடவில்லை. "அதெல்லாம் கிடையாது, தூங்கு" என்பது ஏன் பலிப்பதில்லை என்று இதில் புரியும். பிள்ளைக்கு அது முன்பே தெரியும். மனதில் எழுந்த படம்தான் மிரட்டுகிறது. ஆக, மாற்ற வேண்டியது அந்தப் படத்தை.

முதலில் அறை. விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையின் தலையணையில் உங்கள் தலையை வைத்து ஐந்து நிமிடம் படுங்கள். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும் நைட்டி, அங்கிருந்து பார்த்தால் தலையில்லாத ஆள். ஜீரோ வாட்ஸ் பல்பு தாழ்வாக, துணிக்குப் பக்கத்தில் எரிந்தால் நிழல் சுவர் முழுக்கப் பெரிதாகும். ஃபேன் காற்றில் ஆடவும் செய்யும். துணியை எடுத்துவிட்டு, பல்புக்கும் சுவருக்கும் நடுவில் எதுவும் வராத இடத்தில் பல்பை மாட்டுங்கள். அப்படியே சத்தங்களையும் கேளுங்கள்: பல்லி, ஃபிரிட்ஜின் 'டக்', கூர்க்காவின் விசில். மறுநாள் பகலில் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிட்டால் பாதி பூச்சாண்டி காலி.

அடுத்து விசாரணை. இதைப் பகலில், சாப்பிட்ட வயிறோடு வைத்துக்கொள்ளுங்கள். "பல் பெரிசா இருக்குமா?" என்று எடுத்துக் கொடுத்தால், இல்லாத பல்லும் முளைத்துவிடும். "எங்க இருக்கும்? என்ன சாப்பிடும்?" போதும். மூன்று வயதில் பெரும்பாலும் உருவமே இருக்காது. இருட்டு, சத்தம், அவ்வளவுதான். நாலைந்து வயதில் உடம்பும் சட்டதிட்டமும் வந்துவிடும்: போர்வைக்குள் கால் இருந்தால் பிடிக்காது, அம்மா பக்கத்தில் இருந்தால் வராது. இந்தச் சட்டங்களைக் கேலி செய்யாதீர்கள். பிள்ளை தானே கண்டுபிடித்த பாதுகாப்பு அது.

பிறகு மாவு. ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஏறக்குறைய அரை கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கூழாகிவிடும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சாண்டியைப் பிள்ளையே செய்யட்டும். செய்து முடித்த பிறகு, "இதை என்ன பண்ணலாம்?" என்று ஒரே கேள்வி. ஒரு பிள்ளை இரட்டைச் சடை போட்டுவிடும், இன்னொரு பிள்ளை பல்லைப் பிடுங்கிவிடும். நீங்கள் முந்திக்கொண்டு சடை போட்டால் அது உங்கள் பொம்மை. ராத்திரி வருவது பழைய பூச்சாண்டிதான். பலர் சறுக்குவது இங்கேதான்.

ராத்திரியில் கட்டிலுக்கடியில் தேடிக் காட்டுவது எங்களுக்கு உடன்பாடில்லை. "இன்னைக்கு இல்லை" என்றால் நாளைக்கு வரலாம் என்றுதானே அர்த்தம்? தண்ணீரை 'பூச்சாண்டி மருந்து' என்று அடிப்பதும் அப்படியே. பாட்டில் தீர்ந்த அன்று புதுப் பயம். அதைவிட டார்ச்சைப் பிள்ளை கையில் கொடுங்கள். ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்து, "இது பயப்படுது, நீ பார்த்துக்கோ" என்று ஒப்படைக்கலாம். டெல் அவிவ் ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு நாய்க்குட்டிப் பொம்மை கொடுத்துப் பார்த்ததில் இரவு பயம் குறைந்தது. ஆறேழு வயதுக்கு மேல் இந்தப் பாவனை எடுபடாது. அப்போது "அது நிஜமில்லை" என்ற பேச்சே கை கொடுக்கும்.

வீட்டில் ஒருவர் பூச்சாண்டியைக் காட்டிச் சோறு ஊட்டினால் மேலே சொன்னது அத்தனையும் வீண். "அத்தை, நிலா காட்டுங்க, காக்கா காட்டுங்க, பூச்சாண்டி மட்டும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள், பிள்ளை முன்னால் வேண்டாம்.

தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி எழுந்து, உங்களையே அடையாளம் தெரியாமல் கத்தி, காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால் அது வேறு விஷயம். ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. உலுக்கி எழுப்பாதீர்கள், விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மாவையும் டார்ச்சையும் ஓரம் வைத்துவிட வேண்டும். "அந்த மாமாதான் பூச்சாண்டி" என்று நிஜ ஆளைப் பிள்ளை சுட்டினால் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். அந்த ஆளோடு தனியே விடாதீர்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.